பச்சைக் கோடுகளுக்குக் கீழே

ஹீப்ரு மொழியில் 'கிபிர்' என்றால் சிங்கக்குட்டி. இதை முதன்முதலில் வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிங்கக்கொடி பறக்கிற நாட்டுக்கு இஸ்ரேலிலிருந்து விலைக்கு வாங்கி வந்த விமானத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? ஆனால் தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் ஒட்டிக்கொண்டு கனகாலமாகிவிட்டது. வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாடகைக்கு இருக்கிற குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குக் கிபிர் என்பது ஒரு சத்தம். அந்த விமானத்தைக் கண்டவர்களைவிடக் கேட்டவர்கள்தான் அதிகம். நின்று அண்ணாந்து பார்த்தால் பங்கருக்குள் இறங்க நேரம் இருக்காது.

இந்தக் கட்டுரை மேலே இருந்தவர் எதைப் பார்த்தார் என்பதைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், எதனூடாகப் பார்த்தார் என்பதைப் பற்றி. போர் விமானத்தில் விமானியின் முகத்துக்கு நேரே சரிவாக ஒரு கண்ணாடித் தகடு நிற்கும். அதில் பச்சை நிறத்தில் கோடுகள், எண்கள், நடுவில் ஒரு சின்ன வட்டம். விமானம் ஓட்டுகிற வீடியோ கேம் விளையாடினவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஹெட்-அப் டிஸ்பிளே என்பது முழுப்பெயர், சுருக்கிச் சொன்னால் ஹட். தலையைக் குனியாமலே பார்க்கிற திரை. அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தப் பச்சைக் கோடுகளை வரைந்துகொண்டிருந்தது யார் தெரியுமா? எங்கட வீடுகளில் மூலையில் ஒரு ஆளைப் போல இடம் பிடித்திருந்த பழைய டீவியின் பிக்சர் டியூப் இருக்கே, அதன் நெருங்கிய சொந்தம். கதோட்டுக் கதிர்க் குழாய்.

இந்தக் குழாயின் விமான வரலாற்றை எழுதுகிற எல்லாரும் விமானியின் ஆசனத்தில் இருந்துகொண்டே எழுதுகிறார்கள். எவ்வளவு கெட்டித்தனமான கண்டுபிடிப்பு, விமானியின் வேலையை எவ்வளவு இலகுவாக்கியது என்று. அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கண்ணாடியின் மறுபக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்தும் இந்த வரலாறு எழுதப்பட வேண்டும் என்பது எங்கட கட்சி.

முதலில் குழாயைப் பற்றி. உயர்தரத்தில் இரசாயனவியல் எடுத்தவர்களுக்கு இது முதல் அலகிலேயே வந்துவிடும். கலைப்பிரிவுக்குப் போன எங்களைப் போன்றவர்களுக்குத்தான் கொஞ்சம் விளக்கம் தேவை. காற்றெல்லாம் எடுத்துவிட்ட ஒரு கண்ணாடிக் குழாய். பின்பக்கம் சூடாகிற ஒரு கம்பியிலிருந்து இலத்திரன்கள் புறப்பட்டு வரும். முன்பக்கம் உள்ளே பொஸ்பர் பூசியிருக்கும். இலத்திரன் கற்றை வந்து அடிக்கிற இடம் ஒளிரும். கற்றையை அங்கே இங்கே வளைத்தால் ஒளிப்புள்ளியும் ஓடும். ஜெர்மனியில் கார்ல் பேர்டினண்ட் பிரவுன் இப்படி ஒரு குழாயைச் செய்துகாட்டியது 1897இல். அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் ஜே. ஜே. தொம்சன் கதோட்டுக் கதிர்களை வைத்து இலத்திரனைக் கண்டுபிடித்தார்.

இந்தக் குழாய் விமானத்துக்குள் வந்தது ராடரோடு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர்களின் இரவுநேரச் சண்டை விமானங்களில் எதிரி எங்கே என்று காட்டியது ஒரு கதோட்டுக் குழாய்த் திரைதான். அங்கேயே பிரச்சினையும் தொடங்கியது. இருட்டில் வெளியே பார்த்துப் பழகிய கண்ணை உள்ளே இருக்கிற வெளிச்சத் திரைக்குத் திருப்பினால், திரும்ப வெளியே பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. அதனால் 1942 அளவில் ஒரு யோசனை வந்தது: ராடர் காட்டுகிறதையும் துப்பாக்கியின் குறியையும் சேர்த்து, விமானத்தின் முன்கண்ணாடியிலேயே விழுத்தினால் என்ன? மொஸ்கிட்டோ விமானத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். ஹட்டின் கொள்ளுத்தாத்தா அது.

பிறகு 1950களின் கடைசி. பிரித்தானியக் கடற்படைக்கு பக்கனியர் என்றொரு விமானம். சோவியத்தின் பெரிய போர்க்கப்பல்களை அடிக்கிறதுக்காகச் செய்தது. ராடரில் மாட்டாமல் போக வேண்டும் என்றால் கடல் மட்டத்தோடு உரசுகிற மாதிரிப் பறக்க வேண்டும். அந்த வேகத்தில், அந்த உயரத்தில், உயரமானியைப் பார்க்க ஒரு நொடி தலையைக் குனிந்தால் நிமிரும்போது தண்ணீருக்குள் இருக்கலாம். பார்ன்பரோவில் இருந்த அரச விமான ஆய்வு நிலையம் இதற்காகத்தான் கண்ணாடியில் எழுதுகிற கருவியை யோசித்தது. அதைச் செய்துகொடுத்த நிறுவனத்தின் பெயர் சின்டெல்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சின்டெல் என்பது 'சினிமா டெலிவிஷன்' என்பதன் சுருக்கம். அந்தக் கொம்பனியின் வேர் எங்கே போகிறது என்று பார்த்தால், டீவியைக் கண்டுபிடித்தவர் என்று பாடசாலையில் படித்த ஜோன் லோகி பெயர்டின் கொம்பனிக்கே போகிறது. வீட்டுக்குள் உலகத்தைக் கொண்டுவருவோம் என்று தொடங்கிய கொம்பனியின் வாரிசுதான், பத்திருபது வருடத்தில், குண்டு போடப் போகிறவரின் கண்ணுக்கு முன்னால் கோடு வரைந்து கொடுத்தது. இரண்டும் வேறு வேறு தொழில் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். ஒரே குழாய், ஒரே அறிவு, வேறு வேறு வாடிக்கையாளர். பின்னர் அந்த வேலை எலியட் நிறுவனத்திடம் போய், கென்ட் மாகாணத்து ரொசெஸ்டர் நகரம் ஹட்களின் ஊராகவே ஆகிவிட்டது. அமெரிக்கா வியட்நாமில் பறக்கவிட்ட ஏ-7 விமானத்தின் ஹட்டும் அந்த ஊரிலிருந்து போனதுதான்.

கருவியின் வேலைப்பாடு உண்மையாகவே அழகானது. அதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. டீவி டியூப் படத்தை வரி வரியாக, மேலிருந்து கீழே, கோலம் போட முன் புள்ளி வைக்கிற மாதிரி நிரப்பிக்கொண்டு வரும். பகலில் ஹட் குழாய் அப்படிச் செய்யாது. பேனை பிடித்து எழுதுகிற மாதிரி, தேவையான கோட்டை மட்டும் இழுக்கும். மற்ற இடமெல்லாம் வெறுமை. ஏனென்றால் அந்த வெளிச்சம் போட்டியிடப் போவது நடுப்பகல் வெயிலில் பளிச்சிடுகிற வெள்ளை மேகத்தோடு. வீட்டு டீவியைவிடப் பல மடங்கு பிரகாசம் வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்குகிற முகப்புக் கொண்ட சின்னக் குழாய்க்குப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் கொடுத்து, கற்றையைக் கோடுகளில் மட்டும் செலவழித்தால்தான் அது சாத்தியம்.

பச்சை நிறத்துக்கும் காரணம் இருக்கு. பகலில் எங்கட கண்ணுக்கு அதிகம் உறைக்கிற நிறம் பச்சைதான். தவிர, குழாய் ஒரே ஒரு பச்சையைத்தான் உமிழும் என்றால், கண்ணாடித் தகட்டில் அந்தப் பச்சையை மட்டும் திருப்பி அனுப்பி மற்ற நிறங்களை உள்ளே விடுகிற மாதிரிப் பூச்சுப் போடலாம். அப்போது விமானி வெளியே உள்ளதை அநேகமாக அப்படியே பார்ப்பார், கோடுகளையும் பார்ப்பார்.

இதிலெல்லாம் பெரிய கெட்டித்தனம் வில்லைகளில் இருக்கு. கண்ணுக்கு ஒரு முழத் தூரத்தில் இருக்கிற கண்ணாடியில் எழுத்து இருந்தால், அதை வாசிக்கும்போது தூரத்தில் உள்ளது மங்கும். கையை முகத்துக்கு முன்னால் பிடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பாருங்கள், விளங்கும். ஹட்டில் குழாய்க்கும் கண்ணாடிக்கும் இடையில் வில்லைகளை வைத்து, ஒளிக்கதிர்களைச் சமாந்தரமாக்கி அனுப்புவார்கள். அதனால் கோடுகள் முடிவிலியில், அதாவது மலையும் கடலும் வீடும் இருக்கிற தூரத்திலேயே, மிதக்கிற மாதிரித் தெரியும். கோடு உலகத்தின் மேலேயே எழுதியிருக்கிற மாதிரி. விமானம் எங்கே போய்ச் சேரும், குண்டை இப்போது விட்டால் எங்கே விழும் என்று கணினி கணக்குப் போட்டு, அந்த இடத்தின் மேலேயே புள்ளி வைக்கும். விமானி அந்தப் புள்ளியை வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

1970களில் இது போர் விமானத்துக்கு இருக்க வேண்டிய சாமான் ஆகிவிட்டது. கிபிரும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். பிரெஞ்சு மிராஜின் உடம்பு, அமெரிக்காவின் ஜே79 இயந்திரம், இஸ்ரேலின் மின்னணு. 1975இல் இஸ்ரேல் விமானப்படையில் சேர்ந்தது. அதன் பிறகு வந்த சி2 வகையில் இஸ்ரேலிலேயே செய்த ஹட் இருந்தது. அந்தச் சி2தான் 1996இல் இலங்கைக்கு வந்தது.

பக்கத்து நாட்டிலும் இதே ஆசை வந்தது. இந்தியா தேஜஸ் விமானத்தைச் செய்யத் தொடங்கியபோது ஹட்டை வெளியில் வாங்காமல், சண்டிகரில் உள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனத்திடம் கொடுத்துச் செய்வித்தது. 2001 ஜனவரியில் தேஜஸ் முதன்முதல் பறந்தது. முதல் தேஜஸ் படைப்பிரிவு இப்போது கோயம்புத்தூருக்குப் பக்கத்துச் சூலூரில் இருக்கு. தமிழ் யூடியூப் சேனல்களில் இதையெல்லாம் பின்னணி இசை போட்டுச் சொல்லுகிற விதத்தைப் பார்த்திருப்பீர்கள். எந்த விமானம் எதை அடிக்கும், எந்த ராடர் எவ்வளவு தூரம் பார்க்கும் என்று. கொமெண்டில் எங்கட பொடியங்களும் நெருப்பு எமோஜி போடுகிறார்கள். அங்கே யாரும் கேட்காத கேள்வி ஒன்று: அந்தப் புள்ளி போய் விழுகிற இடத்தில் நின்று இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? சூலூரில் இருக்கிற ஒருவருக்கு அது கற்பனை. கொட்டாஞ்சேனையில் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிற அன்ரிக்கு அது ஞாபகம்.

ஹட்டின் அடிப்படை வாக்குறுதி ஒன்றுதான்: விமானியின் கண் வெளியே இருக்கும். இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1980இல் நாசா ஒரு ஆய்வை வெளியிட்டது. அனுபவமுள்ள பயணிகள் விமானக் கப்டன்களைப் பாவனை விமானத்தில் உட்கார வைத்து, சிலமுறை ஹட்டோடும் சிலமுறை ஹட் இல்லாமலும் தரையிறங்கச் சொன்னார்கள். ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல், ஓடுபாதையிலேயே இன்னொரு பெரிய விமானத்தைக் குறுக்கே வைத்தார்கள். ஹட்டினூடாக நேரே அந்த ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் அந்த விமானத்தைக் காணவேயில்லை. மறைப்பு ஒன்றும் இல்லை. கண்ணாடி தெளிவாகத்தான் இருந்தது. கண்ணும் வெளியேதான் இருந்தது. கவனம் முழுக்கக் கோடுகளில் இருந்தது. கோடுகள் துல்லியமாக இருந்ததால் அவர்கள் நன்றாகவே ஓட்டினார்கள், நேரே அந்த விமானத்தை நோக்கி.

இது எங்களை உலுக்கிய தகவல். ஏனென்றால் ஹட்டின் வரலாறு முழுக்க 'விமானி இனி வெளியே பார்க்கலாம்' என்ற வசனத்தின் மேல் கட்டியது. அந்தப் பரிசோதனை சொல்கிறது, குழாய் எதை வரைகிறதோ அதுதான் முதலில் தெரியும், வரையாதது கண்ணுக்கு நேரே இருந்தாலும் பின்னால் போய்விடும். குழாய்க்கு வேகம் வரையத் தெரியும். உயரம் தெரியும். குண்டு விழும் புள்ளி தெரியும். கீழே யார் இருக்கிறார்கள் என்பதற்கு அதனிடம் ஒரு அடையாளமும் கிடையாது.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், எங்கட நண்பர் வட்டத்திலேயே வந்தது. ஹட் இருந்தால் குறி துல்லியமாகும், குறி துல்லியமானால் தேவையில்லாத சாவு குறையும், ஹட் இல்லாத பழைய விமானங்கள் கண்டபடி போட்டதைவிட இது மேல் இல்லையா என்று. நியாயமான கேள்வி. பதிலை ஒரு திகதியிலிருந்து தொடங்குகிறோம்.

2006 ஆகஸ்ட் 14. முல்லைத்தீவு மாவட்டம் வள்ளிபுனம், செஞ்சோலை வளாகம். விமானப்படையின் ஜெட் விமானங்கள் குண்டு போட்டதில் 50க்கும் மேற்பட்ட இளம் பெண்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் பயிற்சிக்கு வந்த பாடசாலை மாணவிகள் என்று யுனிசெப் சொன்னது. அது புலிகளின் பயிற்சி முகாம், கண்காணித்துத் தெரிந்துகொண்டுதான் அடித்தோம் என்று அரசாங்கம் சொன்னது. அரசாங்கத்தின் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். குறி தவறிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. போட வேண்டும் என்று நினைத்த இடத்தில்தான் குண்டு விழுந்தது. கருவிகள் தங்கள் வேலையைச் செய்தன. புள்ளி எங்கே வைக்கப்பட வேண்டும் என்பது விமானம் கிளம்ப முன்னரே, ஏதோ ஒரு மேசையில், ஒரு வரைபடத்தில் முடிவாகிவிட்டது. துல்லியம் அந்த முடிவை நிறைவேற்றியது, அவ்வளவுதான். அந்த முடிவு பிழை என்றால் துல்லியம் அதைத் திருத்தாது. இன்னும் கச்சிதமாகச் செய்து முடிக்கும்.

அந்த விமானிகள் எப்படிப்பட்டவர்கள், என்ன நினைத்தார்கள் என்பதற்குள் நாங்கள் போகவில்லை. எங்கட கேள்வி கருவியைப் பற்றியது, கருவியின் வரலாற்றை எழுதுகிறவர்களைப் பற்றியது. விமானம் கரணம் அடித்ததையும் குழாயின் பிரகாசத்தையும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களுக்கு, அந்தப் புள்ளி விழுந்த இடங்களின் பெயரை ஒரு பந்தியிலாவது சேர்க்க என்ன கஷ்டம்?

கொழும்பில் இருந்தவர்களுக்கு இந்தப் போரின் வான்பக்கம் வேறு மாதிரித் தெரிந்தது. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை ஒருபக்கமாகிவிடும். புலிகளிடம் இருந்தவை செக் நாட்டின் ஸ்லின் 143 என்ற சின்ன விமானங்கள். நாலு பேர் உட்காருகிற, சாதாரணமாகப் பயிற்சிக்குப் பாவிக்கிற ரகம். கிபிரின் பக்கத்தில் நிறுத்தினால் முச்சக்கர வண்டி மாதிரி. 2007 ஏப்ரல் 28, உலகக்கிண்ண இறுதிப் போட்டி, இலங்கையும் அவுஸ்திரேலியாவும். ஊர் முழுக்க டீவிக்கு முன்னால். இடையில் கொழும்பில் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள், விமானம் வருகிறது என்று. அன்றைய விடியப்புறம் கொலன்னாவையிலும் முத்துராஜவெலவிலும் எரிபொருள், எரிவாயு நிலையங்களுக்குக் குண்டு விழுந்தது. 2008 ஒக்டோபரில் களனிதிஸ்ஸ மின்நிலையம். அது முகத்துவாரத்துக்குப் பக்கம்தான், களனி கங்கை கடலோடு சேர முன் கடந்துவருகிற இடம். 2009 பெப்ரவரி 20ஆம் திகதி இரவு உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டிடத்தில் ஒரு ஸ்லின் மோதியது. அங்கேயும் உயிர்கள் போயின, நிறையப் பேர் காயப்பட்டார்கள்.

இருட்டில் இருந்த அந்த இரவுகளைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். எங்களுக்கு அப்போது நாலைந்து வயது. மெழுகுதிரி, வானத்தில் சிவப்பாக ஓடுகிற சூட்டுக் கோடுகள், வீதியில் நின்று அதைப் பார்த்த சனம். தமிழ்ச் சனத்துக்கு அதில் இன்னொரு பயமும் சேர்ந்திருந்தது: நாளைக்குக் காலையில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது என்ன நடக்கும்? ஆனாலும் கொழும்பில் விமானம் வந்தது சில இரவுகள் மட்டும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அது வருடக்கணக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இரண்டையும் சொல்லாமலும் இருக்க முடியாது.

மற்றதெல்லாம் டீவியில் பார்த்தது. இலங்கையில் டீவி தொடங்கியது 1979இல், ரூபவாஹினி 1982இல். அந்தக் காலத்திலிருந்து போர் முடிகிறவரை வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் டியூப் டீவிகள்தான். கடைசி வருடங்களில் செய்தி நேரத்தில் வானத்திலிருந்து எடுத்த படங்கள் போடுவார்கள். சத்தமில்லாத படம். நடுவில் ஒரு சிலுவைக் குறி, சின்னதாக ஒரு கட்டிடம், பிறகு ஒரு வெள்ளைப் புகை. அவ்வளவுதான். பிறகு காலநிலை, பிறகு கிரிக்கெட்.

இதில் எங்களை நெருடுவது இதுதான். கிபிரின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கதோட்டுக் குழாய். வெள்ளவத்தை வீட்டு முன்னறையில் ஒரு கதோட்டுக் குழாய். நடுவில் வன்னி. மேலே இருந்தவரும் கொழும்பில் இருந்தவரும், ஒருவருக்கொருவர் தெரியாமலே, ஒரே மாதிரியான குழாயினூடாகத்தான் அந்த மண்ணைப் பார்த்தார்கள். இரண்டு குழாயிலும் சத்தம் மட்டும் வரவில்லை. சத்தத்தைக் கேட்டவர்களிடம் குழாய் இருக்கவில்லை. வன்னியில் மின்சாரமே இருக்கவில்லை.

நன்மையையும் சொல்லிவிடுகிறோம். இதே கருவி பயணிகள் விமானத்துக்கும் போனது. 1980களில் அலாஸ்கா எயர்லைன்ஸ் தன்னுடைய போயிங் 727களில் ஹட் பூட்டி, பனிமூட்டத்தில் ஓடுபாதையே சரியாகத் தெரியாத நேரங்களிலும் பத்திரமாகத் தரையிறங்கக் கற்றுக்கொண்டது. இன்றைக்குப் போயிங் 787இல் இரண்டு விமானிகளுக்கும் ஹட் இருக்கு. அதில் ஏறி லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் போய்வருகிற எங்கட சனம் அந்தக் கண்ணாடியின் பாதுகாப்பில்தான் போய்வருகிறது. கருவி கெட்டது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் 'கருவி நடுநிலையானது, பாவிக்கிறவரைப் பொறுத்தது' என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகிறதும் சோம்பேறித்தனம். ஹட் பிறந்ததே கப்பலை அடிக்கிறதுக்கு. பனிமூட்டம் பிறகு வந்தது. எது முதலில் வந்தது, யாருடைய காசில் வந்தது என்று கேட்கிறது கலைப்பீட மாணவர்களின் வேலை இல்லையென்றால் வேறு யாருடைய வேலை? பொறியியல் பீடத்து நண்பர்கள் வில்லையின் குவியத் தூரத்தைக் கணக்கிடட்டும், நாங்கள் இதைக் கேட்கிறோம்.

குழாயின் காலம் இப்போது முடிந்துகொண்டிருக்கு. அது தோற்றது சண்டையில் அல்ல, கடையில். தட்டை டீவி வந்து, உலகம் முழுக்க டியூப் செய்கிற தொழிற்சாலைகள் மூடப்பட, விமானத்துக்கென்று சின்ன எண்ணிக்கையில் குழாய் செய்வது மிகச் செலவான காரியமாகிவிட்டது. சூடாகும், பொஸ்பர் தேயும், மாற்றக் குழாய் கிடைக்காது. ஆகவே அதே பெட்டிக்குள் குழாயை எடுத்துவிட்டு எல்.சி.டி. அல்லது நுண்ணிய ஆடிச் சில்லை வைத்து, பின்னால் எல்.ஈ.டி. வெளிச்சம் போடுகிறார்கள். அமெரிக்காவின் எப்-35இல் ஹட் கண்ணாடியே கிடையாது. கோடுகள் விமானியின் தலைக்கவசத்துக்குள் போய்விட்டன. தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் கூடவே வரும்.

இலங்கைக்கும் அந்த மாற்றம் வந்தது, வந்த நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். 2021இல், எஞ்சியிருந்த 5 கிபிர்களைப் புதுப்பிக்க இஸ்ரேல் நிறுவனத்தோடு சுமார் 5 கோடி டொலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். பழைய மின்னணுக் கருவிகளுக்குப் பதில் புதியவை, புதிய ராடர், புதிய தலைக்கவசம். அடுத்த வருடம் ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த மாதங்களில் முகத்துவாரத்தில் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன, சிலிண்டரை இழுத்துக்கொண்டு சனம் விடிய விடிய வரிசையில் நின்றது. போர் முடிந்து 12 வருடம். வானத்தில் எதிரி இல்லை. எந்தப் புள்ளியை எங்கே வைப்பதற்கு இந்தப் புதிய கவசம் என்று கேள்வி வர வேண்டியது இயல்பு. கோல்பேஸ் போராட்டத்தில் எத்தனையோ பதாகைகள் பார்த்தோம். பாதுகாப்புச் செலவைப் பற்றியவை மிகக் குறைவு. எங்கட தரப்பிலும் அதை உரக்கக் கேட்கத் தயக்கம் இருந்தது. தமிழர் கேட்டால் அந்தக் கேள்விக்கு வேறு நிறம் பூசுவார்கள் என்ற பயம். அந்தத் தயக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும் என்று நினைக்கிறோம். காசு எல்லாருடைய காசு, வரிசையிலும் எல்லாரும்தான் நின்றோம்.

இரத்மலானையில் விமானப்படை அருங்காட்சியகம் இருக்கு. பாடசாலைகளிலிருந்து பஸ் பிடித்துக் கூட்டிப் போவார்கள், பிள்ளைகள் விமானங்களுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள். கிபிரிலிருந்து கழற்றுகிற பழைய ஹட் ஒன்று என்றைக்காவது அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படுமானால், பக்கத்தில் மூன்று மொழியில் ஒரு அட்டை வைப்பார்கள். செய்த நாடு, வருடம், எடை, குழாயின் அளவு எல்லாம் அதில் இருக்கும். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரிக்கு இடம் விடச் சொல்லிக் கேட்கிறோம். முதல் வரியில் வள்ளிபுனம், 2006 ஆகஸ்ட் 14. இரண்டாவது வரியில் மற்ற ஊர்களின் பெயர்கள். ஒரு வரியில் அடங்காது, எழுத்தைச் சின்னதாக்கித்தான் எழுத வேண்டி வரும்.